வர வேண்டாம் என்றொரு தாள்

புனித நிக்கோலா நாள். வால்யெவோ ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான் காவல், ரெல்யாவின் வீட்டுக்கும். அன்று யாரையும் அழைப்பதில்லை. தாமாக வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பிய வீட்டை ஊர் மறக்காது.

ரெல்யா கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவினான். மெழுகுவத்தி ஏற்றினான். பிறகு கதவில் ஒரு தாளை ஒட்டினான். ‘இந்த வருஷம் வர வேண்டாம். மன்னிச்சுக்குங்க.’

நோயை எதிர்க்கும் புரதம் அவன் மனைவி துன்யாவின் உடம்பில் ஊறாது. பிறவிக் குறை. முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் இரத்தத்திலிருந்து பிரித்த மருந்தை, வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஏற்றிக்கொள்வாள்.

ஸ்ரெட்டன் தவறாமல் இரத்தம் கொடுப்பவன். பஸ் டிரைவர். அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற ‘கும்’. சொந்த அண்ணனைவிட ஒரு படி மேல்; ஒருவரையொருவர் ‘குமே’ என்றே கூப்பிடுவார்கள்.

“உனக்குள்ள ஓடறது என்னோடதுதான். பாரு, சீக்கிரமே நீயும் கெட்ட வார்த்தை பேசப்போற,” என்பான்.

“அதுக்கு உங்க ரத்தம் எதுக்கு? இவரக் கட்டிக்கிட்டதே போதும்,” என்பாள் துன்யா.

போன வருஷம் இதே நாளில் ஸ்ரெட்டன் இருமிக்கொண்டே வந்தான். வழக்கம்போல அவள் கன்னங்களில் மூன்று முறை முத்தமிட்டான். பத்தொன்பதாம் நாள் அவள் நுரையீரல் கைவிட்டது.

“நான்தான்டா கொன்னுட்டேன்,” என்று சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ரெல்யா இல்லையென்று சொல்லவில்லை. அதன்பின் ஸ்ரெட்டன் இந்தப் பக்கமே வரவில்லை.

மதியம் வாசலில் காலடிச் சத்தம். ரெல்யா கதவைத் திறந்தான். ஸ்ரெட்டன். கையில் மீன், முகத்தில் முகமூடி. இப்போது யாருக்காக?

“வரக்கூடாதுன்னுதான் இருந்தேன், குமே. கால் கேக்கல.” தாளைப் பார்த்தான். “இது துன்யா எழுத்தாச்சே. எப்ப எழுதுனா?”

என்றைக்கோ எழுதிய தாள் என்று பொய் சொன்னால் போதும். அவன் நம்பிவிடுவான்.

“போன வருஷம் இதே நாள்,” என்றான் ரெல்யா. “ஊரே சளியில கெடக்கு, இந்த ஒரு தடவ யாரும் வேணாம்னு காலையில ஒட்டுனா. அவ மருந்து ஏத்த உள்ள போனதும் நான் எடுத்துப் பையில வெச்சுக்கிட்டேன். ஊர் சிரிக்கும்னு.”

ஸ்ரெட்டன் முகமூடியைக் கழற்றினான். ஒரு வருஷத்தில் கிழடு தட்டியிருந்தது.

“இதப் பாத்திருந்தா திரும்பிப் போயிருப்பேன்டா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒரு வருஷம் என்ன அழ விட்ட?”

ஸ்ரெட்டன் மீனைப் படியில் வைத்துவிட்டு நடந்தான். வெளிக்கதவை மெதுவாகச் சாத்தினான், உள்ளே நோயாளி தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல.