சவரிராஜ் அத்தான் வீட்டுக் கறுப்பு

எண்பத்தாறில் உர்சுலா அக்காவின் புதுக் குடித்தனத்துக்குக் கலர் டிவி வந்தது. அத்தான் சவரிராஜ் அதற்கு மெழுகுவத்தி ஏற்றி வைக்காத குறைதான். சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வீட்டில் எங்கள் பழைய டிவியில் கறுப்பு என்றால் சாம்பல். இதில் கண்ணாடியே இருண்டிருந்தது. அது போதாதென்று அத்தான் வெளிச்சக் குமிழையும் கடைசிவரை குறைத்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவும் நானும் அங்கே போனோம். என் பட்டமளிப்பு விழா டேப்பை அப்பா அன்றுதான் பார்க்கப் போகிறார். விழாவன்று அவருக்குத் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேடையில் என் முகத்தை அவர் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டேப் ஓடியது. கறுப்பு கவுன் ஒன்று மேடையில் நடந்தது. கழுத்துக்கு மேலே பற்கள் மட்டும்.

“பாத்தீங்களா மாமா, கறுப்புன்னா இதுதான் லா. உங்க செட்ல எலி கலர்ல இருக்கும்,” என்றார் அத்தான்.

“நல்ல டிவி மாப்பிள்ளை,” என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். “ஜோதி, இதுல நீ எங்க?”

“சிரிச்சாத்தான் தெரிவா,” என்றாள் அக்கா.

அக்கா சிவப்பு. நான் அப்பா நிறம். ஃபிளாட், புருஷன், டிவி எல்லாம் அவளுக்கு. எனக்கென்று இருந்தது இந்த மூன்று நிமிடம். அதையும் அவள் டிவி விழுங்கிவிட்டது.

எழுந்து போய்க் குமிழைத் திருகினேன்.

“ஏய், பிக்சர் கெட்டுடும்.”

“நான் படிச்சதே எலக்ட்ரானிக்ஸ்தான் அத்தான். நீங்க கறுப்பைக் கூட்டலை. இருட்டுல இருக்கிறதையெல்லாம் மறைச்சு வச்சிருக்கீங்க.”

கவுன் சாம்பலானது. என் முகம் வந்தது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சிரிச்சுக்கிட்டே அழுதிருக்கியே,” என்றார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “போதும், எங்க கல்யாண டேப்பைப் போடுங்க.”

டேப் மாறியது; குமிழை யாரும் தொடவில்லை. பீடத்தின் முன்னால் அக்காவின் முகம் வெள்ளைத்தாளாய் வெளுத்திருந்தது, மூக்குகூடத் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்புறம்தான் பார்த்தேன். இத்தனை நாளும் இந்த டிவியில் யார் கண்ணிலும் படாத ஒருத்தி, அவளுக்குப் பின்னால் தூண் நிழலில், பூச்செண்டோடு நின்றிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அக்காவையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜோதி,” என்றாள் அக்கா மெதுவாக, “என்னை இப்படியா பாத்துக்கிட்டு நின்னே?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தானின் கை குமிழுக்குப் போனது.

“விடுங்க அத்தான்,” என்றேன். “ஆமாக்கா. இப்படித்தான்.”