இசாவோவின் பிடரியில் தெரிந்த நிறங்கள்

அப்பாவைத் தகனம் செய்த மறுநாளிலிருந்து குசுமி இசாவோவின் பின்னந்தலை, அவர் பார்க்கும் பொருளின் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. கடலைப் பார்த்தால் பிடரிமயிர் நீலமாகும், தபால் பெட்டியைப் பார்த்தால் சிவக்கும். அதே வாரம் அவர்கள் ஊரான மிகாசேயில் முதல் உறைபனியும் விழுந்தது. ஊர் இரண்டையும் ஒரே குரலில் பேசியது.

இசாவோ ஆரஞ்சுக் கூட்டுறவுக் கிடங்கில் தரம் பிரிப்பவர். காய்க்கும் கனிக்கும் நடுவே ஏழு நிறம் பிரித்துச் சொல்வார். டிசம்பரில் ஒரு காலை, மனைவி சுமியே அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஞாபகம் தப்பிப்போன அப்பா தொமெகிச்சி வீட்டைவிட்டு எங்கோ நடந்து போய்விட்டார். என்ன நிற உடுப்பு என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். அன்று காலை எதிரே உட்கார்ந்து மிசோ சூப் குடித்த மனிதரின் உடம்பில் என்ன இருந்தது என்று இசாவோவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, சாம்பல் நிற ஸ்வெட்டர் என்றார். ஊர் ஒலிபெருக்கிகள் எல்லாம் நாள் முழுக்கச் சாம்பல், சாம்பல் என்றே அறிவித்தன. மலைச்சரிவுத் தோட்டத்தில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த கிழவருக்கு சிஸுரு என்ற பள்ளிச் சிறுமி வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். இரண்டாம் நாள் விடியும்போது அவர் அங்கேயே விறைத்துக் கிடந்தார். ஸ்வெட்டர் சுமியே பின்னியது. அதை மடித்துக் கொடுத்த போலீஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது இசாவோவுக்கு.

இசாவோ தொப்பி போட ஆரம்பித்தார். நிறம் வருவதைவிட, வராமல் போவதுதான் அவரைக் கூச வைத்தது. கிடங்கில் பழத்தைப் பார்க்கும்போது ஏழு நிறமும் துலங்கின. வீட்டில் சுமியே எதிரே வந்து நின்றாலோ அவருக்குப் பின்னாலிருந்த சுவர்க் கண்ணாடியில் பிடரி சாம்பலாகவே தெரிந்தது. அவள் பச்சை உடுத்திப் பார்த்தாள், சிவப்பு உடுத்திப் பார்த்தாள். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கண்ண மூடிட்டு சொல்லுங்க. நான் இப்ப என்ன கலர் போட்டிருக்கேன்?"

அவர் கண்ணை மூடினார்.

"சாம்பல்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள்.

அவளே அவரை மத்ஸுயாமா நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மூளையைப் படம் பிடிக்கும் டாக்டர் ஹத்தோரி அவரைக் குகை போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, நிறம் நிறமாகக் காட்டினாள். கண் வெளிச்சத்தை உள்ளே வாங்கி அனுப்புவதோடு சரி, நிறம் பிரிவது பெரும்பாலும் பின்மண்டைக்குள்தான், மனம் வைத்துப் பார்த்தால் அந்த இடம் பலமாகத் துடிக்கும், இல்லையென்றால் மந்தமாக இருக்கும் என்று விளக்கினாள். முடி நிறம் மாறுவது தன் துறை இல்லை, தோல் டாக்டரைப் பாருங்கள் என்றாள்.

"அன்னைக்கு காலைல அந்த மஞ்சளும் உள்ள வந்திருக்குமா டாக்டர்?"

"வந்திருக்கும். உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

கோளாறு இருக்கிறது என்று சொல்வாள் என நம்பித்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். தலை குனிந்து நன்றி சொன்னார். ரயிலில் ஊர் வரும்வரை நிமிரவில்லை.

சிஸுரு அந்த மலைப்பாதையில் போவதை விட்டுவிட்டாள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் மாலை இசாவோ தொப்பியில்லாமல் அவள் வீட்டுக்குப் போனார். அவளுக்கு முன் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"உன் மேல தப்பே இல்லம்மா. நான்தான் எங்கப்பாவப் பாக்கவே இல்ல. பாக்காமலே சாம்பல்னு சொன்னேன்."

வீட்டில் எல்லோரும் அவர் பிடரியைத்தான் பார்த்தார்கள். குனிவதற்கு முன் அவர் கடைசியாகப் பார்த்த சிறுமியின் ஊதாப் பாவாடை, ஓரத்துச் சாயம் போன இடம்கூட மாறாமல், அங்கே அப்படியே தெரிந்தது. சிஸுரு குனிந்து தன் பாவாடையைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய அம்மா உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். யாரும் மன்னித்தோம் என்று சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இது நடந்து ஆறு வருடமாகிறது. வெட்கம் போகவில்லை, தொப்பி போய்விட்டது. சுமியேயைப் பார்க்கையில் சில நாள் நிறம் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு முகத்துக்கு நேரே காத்திருக்கிறாள். ரயிலடி நாற்சந்தியில் இசாவோவுக்குப் பின்னால் நிற்பவர்கள் சிக்னல் விளக்கை அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர் தலை பச்சையானதும் நடக்கிறார்கள்.