பரிபூரணத்தின் நகவெட்டி

ஜெபக்குமார் வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்ததும் பரிபூரணம் பாய்ந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கண்ணன் தலையில வேற யாரும் தண்ணி ஊத்தக் கூடாது. நான் ஊத்துதேன்."

கண்ணுச்சாமியை வாசலோரப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். காலையில் காப்பி வந்தபோது அவன் கை நீட்டவில்லை. அப்படித்தான் சாவு தெரிந்தது. நாடியையும் கால் பெருவிரல்களையும் பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தது. பேண்டேஜ் நெய்யும் ஊரான இராஜபாளையத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

"ஊத்துங்கக்கா" என்று ஜெபக்குமார் ஒதுங்கி நின்றான். இவ்வளவு லேசாக ஒதுங்குகிறானே என்று அவளுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

தெருவில் கிடப்பவர்களைக் கூட்டிவந்து பராமரிக்கும் அந்த இல்லம் வேதக்காரர்களுடையது. கிறிஸ்தவச் சபையின் சார்பில் ஜெபக்குமார்தான் பொறுப்பு. புத்தி கலங்கிய கண்ணுச்சாமி முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தான். அதே ஊரில்தான் தங்கை பரிபூரணத்தின் வீடு. "அவன் உள்ள வந்தா நான் வெளிய" என்று புருஷன் சோலைராஜ் சொல்லிவிட்டதால், சோற்றுப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தெரிந்தவர்கள் பார்க்குமுன் திரும்பிவிடுவாள். ஒருநாள் போனபோது சாக்கு மட்டும் கிடந்தது. வேதக்காரர்கள் வேனில் ஏற்றிப்போனதைப் பழக்கடைக்காரர்தான் சொன்னார்.

கூடப்பிறந்தவளே தெருவில் விட்டவனை ஊரான் எதற்குக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறான்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது? தண்ணீருக்குள் முக்கி ஞானஸ்நானம் கொடுத்துப் பேரை மாற்றத்தான் என்று முடிவுகட்டிய பரிபூரணம், சேவை செய்யப் போகிறேன் என்று ஞாயிறுதோறும் டவுன் பஸ் ஏறினாள். வந்த இடத்தில் வேலைதான் எதுவும் கையில் ஒட்டவில்லை. சமையல்கட்டில் சுந்தரம்மாள் கரண்டியைத் தொட விடமாட்டாள். பாட்டுப் பாடும் நேரத்தில் இவள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. பேனுக்குப் பயந்து அங்கே எல்லா ஆண்களுக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். அதையும் ஏதோ சடங்கு என்றே நினைத்தாள். அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை முறைப்பதுதான் அவள் செய்த சேவை.

ஒரு ஞாயிறு ஜெபக்குமார் ஒரு நகவெட்டியை நீட்டினான். "சும்மாதான இருக்கீய. இவியளுக்கு நகம் வெட்டி விடுங்கக்கா."

அண்ணனிடமிருந்து தன்னைக் கிளப்பும் தந்திரம் என்று முதலில் பட்டது. பிறகுதான் புத்தியில் உறைத்தது. நகம் வெட்டுகிற சாக்கில் கட்டில் கட்டிலாகத் துப்பு விசாரிக்கலாமே! விரலைப் பிடித்துக்கொண்டு, "ஒம்மத் தண்ணிக்குள்ள முக்குனாவளா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவர் சிரித்தார். ஒருவர் அய்யனார் கோவில் அருவியில் குளித்த கதையைச் சொன்னார். பக்கத்துக் கட்டில் காசிராஜன் மட்டும் வெட்டி முடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கையை நீட்டுவார். ஊர், உறவு, சாதி எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. அவளைக் கண்டால் "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று மட்டும் கேட்பார்.

அண்ணனைக் குளிப்பாட்டித் திருநீறு பூசியதும் அவள் ஜெபக்குமாரின் பக்கம் திரும்பினாள்.

"செத்தவன் முன்னாடி நின்னு சொல்லுங்க தம்பி. எங்கண்ணன முக்குனீயளா இல்லையா?"

"அவியளப் பைப்படிக்குக் கூட்டிட்டுப் போவவே நாலு பேரு வேணும்க்கா. இதுல எங்க முக்க?" என்றவன் கொஞ்சம் தயங்கினான். "ஆனா ஜெபம் பண்ணிருக்கேன். தெனமும் பண்ணுவேன். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவளுக்குச் சந்தேகப்பட அதுவே போதுமாக இருந்தது. "பொதைக்கக் கூடாது, எரிக்கணும். சிலுவை கிலுவை எதுவும் ஆகாது."

"சரிக்கா. கொள்ளி வைக்க ஆள வரச் சொல்லுங்க."

அங்கேதான் இடித்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. கான்சாபுரத்தில் இருக்கும் பெரியப்பா பேரன் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"வேதக்காரச் சோத்தத் தின்னுட்டுச் செத்தவருக்கு நான் மொட்டை போடணுமா அத்தை? அங்ஙனயே பொதைச்சிரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான். சோலைராஜ் போனையே எடுக்கவில்லை.

கொள்ளி வைக்க ஆளில்லாவிட்டால் அண்ணன் அநாதைப் பிணம்தான். இத்தனை நாள் காவல் காத்ததும் வீண். பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். உயிரோடு இருந்தவனுக்கு ஒரு மூலை கொடுக்காமல் போனோமே என்றுதான் அந்த அழுகை.

காசிராஜன் எழுந்துவந்து பெஞ்சருகே நின்றார்.

"இவரு வைக்கட்டுமாக்கா?" என்றான் ஜெபக்குமார். "ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவிய."

"இவரு யாரு எவருன்னு தெரியாம எப்படி?"

"அது அவருக்கே தெரியாதேக்கா."

பரிபூரணம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அவள் போனாள். பாதி வழியில் வேனைக் கல்லறைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டால் யார் கேட்பது?

வேன் நேரே சுடுகாட்டுக்கே போய் நின்றது. விறகு அடுக்கிக்கொண்டிருந்த பாண்டிதுரை, வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிய மொட்டைத் தலைகளைப் பார்த்து வேலையை நிறுத்தினார்.

"பங்காளிக எம்புட்டுப் பேரு! இந்தக் காலத்துல கொள்ளி வைக்கிறவனே தலையக் குடுக்க யோசிக்கான். இங்க அம்புட்டுப் பேரும் மொட்டை போட்டுட்டுல்லா வந்திருக்காவ. நல்ல குடும்பம்மா ஒங்க குடும்பம்."

ஜெபக்குமார் வாயைத் திறந்தான். பரிபூரணம் முந்திக்கொண்டாள்.

"ஆமா. எல்லாரும் எங்க ஆளுகதான்."

"முடியோட நிக்காரே, இவரு?" என்று பாண்டிதுரை ஜெபக்குமாரைக் காட்டினார்.

"அவரு வேன்காரரு."

ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றவர்களை அவள் கையைப் பிடித்துப் போடவைத்தாள். காசிராஜன் பானையைத் தோளில் தூக்கி மூன்று சுற்று வந்து, பாண்டிதுரை சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தார்.

குழாயடியில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட வேனுக்குப் போனார்கள். காசிராஜன் மட்டும் சிமெண்டுத் திண்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

நகவெட்டி பைக்குள்தான் கிடந்தது. அவள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். நகத்தில் கரி அப்பியிருந்தது.

"இல்லண்ணே. இன்னைக்குச் செவ்வாக்கிழமை. சாவன்னைக்கு வெட்டக் கூடாது." கரியை முந்தானையால் துடைத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வாரேன்."

காசிராஜன் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கையை நீட்டினார்.