தங்கை கொடுத்த விலை

கண்ணாயிரம் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். போளூரில் இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். செலவைக் கூட்டச் சொல்லி எவரும் அவரிடம் வந்ததில்லை.

"ஏம்மா, அண்ணன் தங்கச்சின்றீங்க. தான செட்டில்மென்ட்டா போட்டா கொஞ்சத்துல முடிஞ்சிடும். கிரயம்னா நாலு மடங்கு ஆவும். காசு இன்னா மரத்துலயா காய்க்குது?"

"எனக்கு மரத்துலதாங்க காய்க்குது. புளி யாவாரம்" என்றாள் கெங்கம்மாள்.

பக்கத்தில் இருந்த அண்ணி வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் வேடியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜவ்வாது மலையில் அவன் தன் கையால் கட்டிய ஓட்டு வீட்டுக்குத்தான் பத்திரம். மண் ரோட்டோரம் புது வீடு எழுப்பிக் குடிபோனதும் பழையதை விற்க நினைத்தான். மகள் கோகிலவாணியை நர்ஸ் படிப்பில் சேர்க்கவேண்டியிருந்தது. நானே வாங்கிக்கறேன் என்று முதலில் வந்து நின்றவள் கெங்கம்மாள். புருஷன் போனபிறகு ஒண்டியாகக் குடகுக்குப் போய்க் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவள். திரும்பி வந்து புளியும் சாமையும் வாங்கி விற்கிறவள். நாலு லட்சம் என்று பேசி, பேங்க் வழியாகக் கொடுத்தும் முடித்துவிட்டாள். இப்போது அந்த விலையை எழுதுவதில்தான் வந்து நின்றது.

"தானம்னா வெலையே எழுத வேணாம்மா" என்றார் கண்ணாயிரம். "நாளைக்கு வில்லங்க சர்ட்டிபிகேட் போட்டுப் பார்த்தா கைமாற்றுத் தொகைன்ற எடத்துல வெறும் கோடுதான் இருக்கும். உங்க மலையில எத்தினி வூடு அப்படிக் கை மாறியிருக்கு தெரியுமா? மாமன் மச்சான், அண்ணன் தம்பி, எல்லாம் தானந்தான். உள்ளுக்குள்ள வாங்கிக்கறது வாங்கிப்பாங்க, எவன் வெல எழுதறான்?"

"அந்தக் கோடுதாங்க எனக்கு வேணாம்."

அவள் பார்த்திருக்கிறாள். பக்கத்து ஊர் செல்லம்மா, இருந்த ஆட்டையெல்லாம் விற்றுப் புருஷனின் அண்ணனிடம் வீடு வாங்கியவள். எழுதியது தானம். போன கோடையில் குழாயடியில் ஒரு குடத்துக்குச் சண்டை வந்தது. "நாங்க தூக்கிப் போட்ட வூட்ல குந்திக்கினு எங்களயே பேசறியா?" என்றாள் அந்த அண்ணன் வீட்டு மருமகள். "ஆட்ட வித்து வாங்கினேன்டி!" என்று செல்லம்மா கத்தினாள். யாரோ ஒருத்தர் செல்போனில் வில்லங்கம் எடுத்துக் காட்டினார். விலை இருக்கவேண்டிய இடத்தில் கோடு. செல்லம்மா குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு குழாயடியில் அவள் வாய் திறந்து கெங்கம்மாள் கேட்டதில்லை.

வேடியப்பன் மெதுவாகத் திரும்பினான். "கெங்கா, ஊருல கூடப்பொறந்தவளுக்குச் சீர் செய்வாங்க. நான் தங்கச்சிகிட்டயே காசு வாங்கினவன்னு கவர்மென்ட்டு கணக்குல நிக்கணுமா? எந்தப் பய வேணாலும் எடுத்துப் பார்ப்பான்."

"வாங்கறப்ப வராத வெக்கம் எழுதறப்ப வந்துடுச்சா?" என்றாள் வடிவு.

"நீ சும்மா இரு."

"இருக்கறேன், இருக்கறேன். காலேஜ் பீசு கட்டின ரசீத கூட கோடு போட்டுக் குடுக்கச் சொல்லு."

கெங்கம்மாள் அண்ணியைக் கையமர்த்தினாள். "ண்ணா, சீர் வேணாம்னா சொன்னேன்? பொங்கலுக்குப் பொடவ எடு. கெடா அறுத்துப் போடு, வந்து தின்றேன். வூடு சீரு இல்ல. அட்டை கடிக்கக் கடிக்கக் காப்பி பறிச்சிருக்கேன். அத இல்லேன்னு எழுதச் சொல்றியா? உனக்குக் கேவலம்னு நெனைக்கற. தங்கச்சி தாலியறுத்து வந்து நின்னப்ப கஞ்சி ஊத்தினவன் நீ. அவ இன்னிக்கு வெல குடுத்து வூடு வாங்கறான்னா அது யாருக்குண்ணா பெரும?"

வேடியப்பன் எழுந்தான். ரோட்டுக்கு இறங்கி நடந்தான். கெங்கம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து பார்த்தாள். அவன் கையெழுத்து இல்லாமல் வீடு ஏது? கொஞ்ச நேரம் கழித்து டீ கிளாசுகளைக் கையில் கோத்துக்கொண்டு வந்தான். ஒன்றைக் கண்ணாயிரத்தின் முன்னால் வைத்தான்.

"கிரயமாவே போடுங்க" என்றான். முகம் இறுகித்தான் இருந்தது.

பத்திர ஆபீசில் அவர்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த சார்பதிவாளர் அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"விக்கிறவர் நீங்கதானே? தொகை வாங்கிட்டீங்களா?"

தானமாக இருந்தால் இந்தக் கேள்வி வராது. பின்னால் பெஞ்ச் நிறைய ஆட்கள். வேடியப்பன் தலையைக் குனிந்தான். கெங்கம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க, வாங்கினீங்களா இல்லையா?"

"வாங்கிட்டேங்க" என்றான். மேசையைத் தாண்டிக் கேட்கவில்லை. நிமிர்ந்து மறுபடி சொன்னான். இந்த முறை கடைசி பெஞ்சுக்கும் கேட்டது. "முழுசா வாங்கிட்டேங்க. இது என் தங்கச்சி. கொறச்சிக் குடுன்னு சொன்னேன், கேக்கலீங்க."

"அதெல்லாம் வேணாங்க. ஆமா இல்லன்னு சொன்னா போதும்."

"ஆமாங்க. நாலு லட்சம்ங்க."

"அதான் எழுதியிருக்கே."

"இருக்கட்டுங்க, சொல்லணும்ல" என்றான் வேடியப்பன். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பி, முன்பின் தெரியாத அந்த ஆளைப் பார்த்து, "எங்க மலையில வெல குடுத்து, வெலய எழுதி வூடு வாங்கின மொத பொம்பள இவதாங்க" என்றான்.

அது எவ்வளவு தூரம் உண்மையோ, கெங்கம்மாளுக்குத் தெரியாது. அவள் மறுக்கவும் இல்லை. கைரேகை எடுக்கும் பெட்டியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "போதும்மா, பதிவாயிடுச்சு, எடுங்க" என்று அந்த அம்மா சொல்லும்வரை விரலை எடுக்கவில்லை.