குளவி மேலிருந்து வராது

நவாஸுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஆட்கள் நிறைய உண்டு. அதில் முதல் வரிசை, பழைய வீடியோ கேமைத் தூசி தட்டிப் புதுசு என்று விற்கிறவர்களுக்கு. ஏற்காட்டில் அவருக்கு ஒரு மொபைல் ரிப்பேர் கடை இருந்தது. ஆனால் மனிதர் உயிரை வைத்திருந்தது தன் யூடியூப் சேனலில்தான். வெள்ளிக்கிழமைதோறும் அப்படி ஒரு மறுபதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு நார்நாராகக் கிழிப்பார். நாலாயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"மூணு உசிரு போச்சுன்னா ஊட்டுக்குப் போவோணும். அதானுங்க கேமு. இவனுக என்ன பண்றானுக? செத்தா எந்திரிச்சு வந்து உட்ட எடத்துலயே ஆடலாமாம். தப்புப் பண்ணீட்டா ரீவைண்டு பண்ணிக்கலாமாம். அதுக்கு எதுக்குங்க ஸ்டிக்கு? ஒரு தலவாணியக் குடுத்து ஆடுறவனத் தூங்க வெச்சுருங்க!"

நல்ல டிவியில் பழைய டிவியின் கோடுகளை வரைந்து காட்டுவதற்கு ஒரு பட்டன் வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ரெண்டே ரெண்டு பீப் சத்தம் இருந்த இடத்தில் எண்பது பேரை உட்கார வைத்துப் பிடில் வாசிக்க விடுவதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். குட்டி விண்கப்பலுக்குத் தொப்பி மாட்டிவிட்டு அந்தத் தொப்பிக்குத் தனியாகக் காசு கேட்ட கம்பெனியைப் பற்றி ஒரு முழு வாரம் பேசினார். மனைவி சுபைதா கடைசியில் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்து, "அந்தத் தொப்பிய உட்டுட்டுத் தின்னுங்க" என்றாள்.

இவ்வளவு பேச அவருக்கு உரிமை இருந்தது, அல்லது இருந்ததாக அவர் நம்பினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ராமசாமி என்பவர் ஒரு தகரக் கொட்டகையில் கேம் பெட்டி வைத்திருந்தார். இருந்தது ஒரே பெட்டி, அதில் ஒரே கேம். பெயர் 'மூன் வாஸ்ப்'. ஊரில் எல்லாருக்கும் அது குளவி கேம். குளவிக் கூட்டம் பறந்து வரும், நம் கப்பல் சுட வேண்டும். பதினைந்து வயது நவாஸை அதில் ஜெயிக்க மலையில் ஆளில்லை. ஸ்கோர் பட்டியலின் உச்சியில் என், வி, இசட் என்று அவருடைய மூன்று எழுத்துகள் இருக்கும். சாயங்காலம் ராமசாமி கொட்டகையைப் பூட்டும்போது பிளக்கைப் பிடுங்குவார், பட்டியல் அழிந்துபோகும். மறுநாள் காலை ராஜா மறுபடி ஆண்டியாகத்தான் வந்து நிற்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பெருமைக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, கூட ஆடித் தோற்ற மாரிசாமி. அவனும் கொட்டச்சேடு பக்கம் வேன் ஓட்டுகிறான், கேட்டால்தான் சொல்வான்.

அப்படியிருக்கும்போதுதான் காயத்ரி போன் செய்தாள். சேலத்தில் அவளுடைய சின்னக் கம்பெனி முறையாக அனுமதி வாங்கி மூன் வாஸ்பை மறுபடி கொண்டு வருகிறது. வெளியிடும் முன் ஏற்காட்டு ஹோட்டல் ஒன்றில் ஆடிப் பார்க்கிறார்கள். கேம் கூடவே போகும் ஸ்கோர் பட்டியலில் பத்து வரிகள் உண்டு. அவற்றில் ஒன்பதைக் கம்பெனி ஆட்களே ஆடி நிரப்பிவிட்டார்கள். அண்ணன் வந்து ஆடினால் அவருடைய ஸ்கோரும் ஏறும், முதலில் வந்தால் முதல் வரி. விற்கிற ஒவ்வொரு கேமிலும் அது இருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் அழியாது.

"நான் கிழிக்கத்தான் போறேன்" என்று நவாஸ் சுபைதாவிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டார்.

ஹோட்டல் ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். மாரிசாமி போனைத் தூக்கிப் பிடித்துச் சேனலில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான். காயத்ரி திரையை மூடியிருந்த துணியை விலக்கினாள். திரை கதவு மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றது. கப்பல் அடியில் இருந்தது. குளவிகள் மேலிருந்து இறங்கி வந்தன.

நவாஸ் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார். அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

"பாருங்க மக்களே! இத்தன நாளு நான் பாத்த மோசடியெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லீங்க. கேமத் தூக்கி நிமித்தி வெச்சுருக்காங்க! குளவி மேல இருந்து வராதுங்க. வலது பக்கமிருந்து வரும். கப்பலு இடது ஓரத்துல மேலயுங் கீழயும் போவும். ஏனுங்க அம்மணி, நீங்க ஒரிஜினலக் கண்ணுலயாச்சும் பாத்திருக்கீங்களா?"

காயத்ரி கோபப்படவில்லை, குழம்பித்தான் போனாள். அனுமதி கொடுத்த கம்பெனிக்காரர்கள் தந்த பழைய படத்தை லேப்டாப்பில் காட்டினாள். ஜப்பானில் எடுத்தது. அதிலும் திரை நெட்டுக்குத்தலாகத்தான் நின்றது.

"ஏனுங்கண்ணா, உங்க பெட்டியில எழுத்தெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

"படுத்துக்கிட்டு இருக்கும். தலையச் சாச்சுத்தான் படிப்போம். ஜப்பான்காரன் மேல இருந்து கீழதான எழுதுவான், அதான் அப்படின்னு ராமசாமியே சொன்னாரு."

"மேல இருந்து கீழ எழுதுவாங்கண்ணா. ஆனா எழுத்தப் படுக்க வெச்சு எழுத மாட்டாங்க."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நவாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ராமசாமி சேலத்தில் பெட்டியை ஓரிடத்திலும் உள்ளே வைக்கும் கேம் போர்டை வேறிடத்திலும் வாங்கியிருந்தார். பெட்டி அகலத் திரைப் பெட்டி, போர்டு நெட்டுக்குத்தல் திரைக்கானது; அதனால்தான் படம் படுத்துக்கொண்டது. ஸ்டிக் குறுக்காக வேலை செய்கிறது என்று ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒயரை மாற்றிப் போட வைத்தார். பக்கத்தில் நின்று டார்ச் அடித்ததே நவாஸ்தான்.

உட்கார்ந்து ஆடினார். கை மேலே தள்ளியது, கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று உயிரும் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கோர் ஆயிரத்து நூற்றைம்பது. வெட்கம் காதுவரை ஏறியது.

காயத்ரி எழுந்து வந்து திரையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். லேப்டாப்பில் ஏதோ தட்டி ஸ்டிக்கையும் மாற்றினாள். "இப்ப ஆடுங்கண்ணா" என்றாள்.

ஆடினார். நாற்பது நிமிடம் ஆடினார். டீ ஆறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. நாலு லட்சத்தைத் தாண்டியது. கம்பெனியில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியவர்கூடக் கிடையாது. மாரிசாமி போனை மறந்துவிட்டுத் தரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நொம்பப் பிரமாதம்!" காயத்ரிக்கு மூச்சு வாங்கியது. "இந்தச் சாஞ்ச ஆட்டத்தையும் கேமுல சேத்தர்றோம். 'ஏற்காடு மோடு'ன்னு பேரு வெக்கிறோம். முதல் வரி உங்களுது."

"சரின்னு சொல்லுடா!" என்றான் மாரிசாமி.

நவாஸுக்கு ஆசை இருந்தது. முப்பது வருட ஆசை. ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாங்க அம்மணி. இது ஒரிஜினல்ல கெடையாது. ராமசாமி பண்ணுன தப்பு. அதப் போயி கேமுல சேத்தீங்கன்னா, வர்ற வெள்ளிக்கெழம உங்களையும் நான் கிழிக்கோணும். நிமிந்து நிக்குதே, அதான் கேமு. நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. நாந்தான் தெரியாமப் பேசீட்டேன்."

நேரலையில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அப்ப பட்டியல்ல உங்க பேரு?"

"நிமிந்த ஆட்டத்துல நான் எடுத்ததப் போடுங்க."

"அது பத்தாவது வரிக்குத்தான் வருமுங்கண்ணா. கடைசி."

"கடைசியிலயே போடுங்க."

அவள் தயங்கினாள். அவர் பக்கத்தில் போய் நின்று, என், வி, இசட் என்று சொன்னார். ஆயிரத்து நூற்றைம்பது என்று சொன்னார். அவள் சரியாக அடிக்கிறாளா என்று குனிந்து பார்த்தார்.