ஹாசல்டால் பள்ளிக் கிணறு

ஹாசல்டால் கிராமத்துப் பள்ளிக் கிணற்றில் பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் மட்டும் நல்ல தண்ணீர் வரும். மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டால், மாடுகள்கூட முகம் சுளிக்கும் அளவுக்கு உப்பு ஏறிவிடும். பராகுவே நாட்டுச் சாக்கோ காட்டில் மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபைச் சனங்கள் குடியேறிய 1930இல் ஊரார் ஒன்பது கிணறு தோண்டினார்கள். எட்டில் எப்போதும் உப்பு. ஒன்பதாவதில்தான் இந்த ஏற்பாடு. காலை வேளையில் பெண்கள் வாளியும் பீப்பாயுமாகப் பள்ளி முற்றத்தில் வரிசையில் நிற்பார்கள். இறைத்த தண்ணீர் கெடாது என்பதால் பிழைப்பு ஓடியது. மற்றபடி அந்த ஊரில் விடுமுறை என்ற சொல்லைக் கேட்டால் பெரியவர்கள்தான் பீப்பாய்களை எண்ண ஆரம்பிப்பார்கள்.

வாத்தியார் கொர்னீலியுஸ் ஹார்டர், ஊராரைப்போலவே ருஷ்யாவிலிருந்து மாஸ்கோ வரை ரயிலிலும் பிறகு கப்பலிலுமாகத் தப்பி வந்தவர். கூட வந்தது அவரை நெலிஸ் என்று அழைக்கும் மனைவி யுஸ்டினா, நான்கு வயது மகள் லேனா, ஒரு பெட்டி, ஒரு கரும்பலகை. தினமும் ஜெபத்தோடு வகுப்பைத் தொடங்குவார், பிறகுதான் வாய்ப்பாடு. அதனால் தண்ணீர் இனிப்பது அவருடைய ஜெபத்தால்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அடுத்த சபைக் கூட்டத்திலேயே ஓட்டுப் போட்டு அவரைப் போதகராகவும் ஆக்கிவிட்டார்கள். அங்கே போதகருக்குச் சம்பளமும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. மூப்பர் ஆபிரகாம் டேவ்ஸ் அவர் தோளைத் தட்டி, "சாகுற வரைக்கும் நீங்கதான், வாத்தியாரே" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த வருடமே டைபாய்டு வந்து லேனாவைக் கொண்டுபோயிற்று. புதைத்துவிட்டு வந்த ஹார்டரும் காய்ச்சலில் விழுந்தார். எட்டு நாள் யுஸ்டினாதான் பள்ளியை நடத்தினாள். எழுந்து வந்த பிறகு அவர் கண்டது ஒன்றே: கண்ணை மூடிக் கைகோத்தால் உள்ளே யாரும் இல்லை. பூட்டிய வீட்டின் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. உதடுகளை மட்டும் அசைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களைப் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து வாசித்தார். தினமும் முதல் வாளித் தண்ணீரைத் தானே குடித்துப் பார்ப்பார். இன்று உப்புக் கரிக்கும், இன்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே விழுங்குவார். தண்ணீர் இனிக்கும். இப்படியே இரண்டரை வருடம். ஆள் பாதியாய் இளைத்துப்போனார்.

1933இல் பொலிவியாவோடு நடந்த போர் அந்தப் பக்கம் வந்தது. அதில் குண்டைவிடத் தாகத்துக்குப் பலியானவர்கள் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். நிலக்கடலை அறுவடைக்காகப் பள்ளியை மூடி, பிள்ளைகளெல்லாம் தூரத்து வயல்களில் இருந்த ஒரு மத்தியானத்தில், அறுபது பராகுவே சிப்பாய்கள் முட்காட்டிலிருந்து தள்ளாடி வெளியே வந்தார்கள். நாக்கு தடித்து ஒருவனுக்கும் பேச்சு வரவில்லை. மெனோனைட்டுகள் துப்பாக்கி தொடாதவர்கள்; ஆனால் தாகத்தோடு வந்தவன் எந்தப் படை என்று பார்ப்பதும் அவர்களுக்கு வழக்கமில்லை. பீப்பாய்களில் இருந்ததையெல்லாம் ஊற்றினார்கள். ஆளுக்கு ஒரு குவளைகூடத் தேறவில்லை. நான்கு பேர் தரையில் படுத்துவிட்டார்கள். கிணற்றைக் கண்ட லெப்டினன்ட் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு அழ ஆரம்பித்தான்.

"வாத்தியாரே, ஜெபம் பண்ணுங்க" என்றார் டேவ்ஸ். "சீக்கிரம்."

ஹார்டர் கிணற்றடியில் மண்டியிட்டார். ஊரும் படையும் பார்த்துக்கொண்டு நின்றன. வாளி இறங்கியது, ஏறியது. டேவ்ஸ் நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். மறுபடி இறங்கியது. உப்பு.  ஹார்டர் எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது யுஸ்டினா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எந்திரி நெலிஸ். நீ இரண்டரை வருஷமா ஜெபம் பண்ணல. எனக்குத் தெரியும்."

"அப்ப தண்ணி எப்படி..."

"வாய்ப்பாட்டுக்குத்தான் வருது. அந்த எட்டு நாளும் எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. எனக்குத் தெரிஞ்சது வாய்ப்பாடு ஒண்ணுதான், அதையே காலையில இருந்து சொல்ல வச்சேன். தண்ணி தேனா இருந்துச்சு. பிள்ளைங்க பாட ஆரம்பிச்சா கரிச்சுது."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா? வாத்தியாராச்சே, உனக்குத் தெரியாதான்னு நினைச்சேன்."

அதோடு அவள் நிமிர்ந்து நின்று, சமையலறைக் குரலில் ஆரம்பித்தாள்: "ஓரேழ் ஏழு! ஈரேழ் பதினாலு!" ஊரார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். வாளி வந்தது, நல்ல தண்ணீர். அறுபது பேருக்கும் இறைத்து முடிக்க ஊராரின் தொண்டை போதவில்லை. குடித்தவர்களைப் பள்ளி பெஞ்சுகளில் உட்காரவைத்தார்கள். அவர்கள் ஸ்பானிய மொழியில் வாய்ப்பாடு சொன்னார்கள், கிணறு அதையும் ஏற்றுக்கொண்டது. எட்டேழில் மட்டும் தகராறு. லெப்டினன்ட் ஐம்பத்துநாலு என்று கத்துவான், அந்த வாளி கரிக்கும், வரிசையில் நிற்பவர்கள் அவனைத் திட்டுவார்கள். "ஐம்பத்தாறு, ஐயா! ஐம்பத்தாறு!" என்று ஹார்டர் கரும்பலகையைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமுடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். படுத்திருந்த நால்வரும் பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

படை போன பிறகு டேவ்ஸ் தொண்டையைச் செருமினார். "ஜெபத்துக்கு இல்லேன்னா, உங்களை எதுக்கு நாங்க போதகராக்குனோம்?"

"திருப்பி எடுத்துக்குங்க" என்றார் ஹார்டர். மனதார.

"அதெப்படி? ஓட்டுப் போட்டது போட்டதுதான்."

அந்த ஞாயிறு ஹார்டர் நோட்டுப் புத்தகம் இல்லாமல் மேடை ஏறினார். மகள் இறந்ததிலிருந்து தனக்கு ஜெபம் வரவில்லை என்று சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.  பிறகு ஆண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து, "எனக்கு மாஸ்கோ ஸ்டேஷன்ல விட்டுப்போச்சு" என்றது டேவ்ஸின் குரல். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "எனக்குக் கப்பல்ல" என்றாள். இப்படிப் பதினோரு பேர். எல்லோரும் ஒரேயடியாக மூச்சு விட்டதில் சன்னல் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டன. அன்று காற்றே இல்லை. யாரோ எழுந்துபோய்க் கொக்கி மாட்டினார்கள். அன்று ஹார்டர் தட்டு நிறையச் சாப்பிட்டு, சாயங்காலம்வரை தூங்கினார்.

அதற்குப் பிறகு கிணற்றடியில் வாய்ப்பாடு சொல்ல ஊரார் முறை வைத்துக்கொண்டார்கள். வாத்தியாருக்கு வருடத்தில் ஆறு வாரம் விடுமுறை கிடைத்தது. இரண்டு மகன்கள் பிறந்தார்கள். ஜெபம் திரும்பி வந்தது ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தபோது. கை வேலையாக இருந்ததால் கண்ணை மூடாமலே பேசினார். இன்னும் இருபது வருடம் பிரசங்கம் செய்தார். சுமாரான பிரசங்கங்கள்தான், ஆனால் யாரும் தூங்கவில்லை.

1961இல் தூக்கத்திலேயே போனார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கத் தண்ணீர் வேண்டுமே என்று அடக்கத்தைப் பள்ளி நடக்கிற நேரமாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தது. வெளியூர்ப் போதகர் ஒருவர் மட்டும், சாவு நாளிலாவது பிள்ளைகளைச் சும்மா இருக்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். யுஸ்டினா அவர் கையில் கோப்பையைக் கொடுத்து, குடித்துப் பார்க்கச் சொன்னாள். நன்றாக இருக்கிறது, தூள்தான் கொஞ்சம் குறைச்சல் என்றார் அவர்.