ஏழு நூல் விமானம்

காஜா பெராங் வட்டாரத்தில் மாணிக்கவாசகத்தைவிட அறிவாளி கிடையாது. இதைச் சொன்னவர் மாணிக்கவாசகம்தான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் மெர்டேக்கா நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தின் வெள்ளைக்காரத் துரை கப்பலேறப் போகிறார். போகுமுன் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி அடுத்து யார் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். போட்டி இருவருக்குள்: மாணிக்கவாசகம், தெங்கேராவில் குடியிருக்கும் அப்பாசாமி. அப்பாசாமி வேலை செய்தே நல்ல பெயர் வாங்கியவர். மாணிக்கவாசகத்துக்கு அந்தக் குறுக்கு வழி தெரியாது. துரை வாலிபத்தில் இரட்டை இறக்கை விமானம் ஓட்டியவர் என்று மட்டும் தெரியும்.

ஆகவே சிங்கப்பூரிலிருந்து மாதிரி விமானப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். மெல்லிய மரத்தை வெட்டி, காகிதம் ஒட்டி, இறக்கைகளையும் பொருத்தியாயிற்று. மிச்சம் கம்பி கட்டுவதுதான். நிஜ விமானத்தில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்குப் பதிலாக இதில் கறுப்பு நூல். பெட்டியோடு வந்த படத்தில் பக்கத்துக்கு நான்கு. இரண்டிரண்டாகப் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடின.

ஏழாவது நூலை இறுக்கி முடிந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

டயர் கடையில் வேலை செய்யும் மைத்துனன் ஜெயபாலன் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், இடது பக்கம் பின்னால ஒண்ணு குறையுதே?"

"எட்டுடா! எட்டு சனியோட நம்பர். பெரிய கிராணி வேலைக்குப் போறப்ப சனியனைக் கட்டி எடுத்துட்டுப் போகச் சொல்றியா?"

"சீனவங்களுக்கு எட்டுதான் ராசி மச்சான்."

"துரை சீனரா? போடா, போய் டயர் மாத்துலா!"

அடுப்படியிலிருந்து மனைவி மல்லிகா குரல் கொடுத்தாள். "விடு தம்பி. எட்டு மணிக்கு ஆபிஸ் திறக்குதுன்னு ஒன்பது மணிக்குப் போற மனுஷன்கிட்ட என்ன பேச்சு?"

சில நாளில் இடது இறக்கையின் பின் ஓரம் மேலே முறுக்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் இழுக்க ஜோடி நூல் இல்லாததால், இருந்த ஒற்றை நூல் தன் இஷ்டத்துக்கு இழுத்திருந்தது.

"மரம் மட்டம்லா. சிங்கப்பூர்க்காரன் ஏமாத்திட்டான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, விமானத்துக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார் அறிவாளி.

பிரிவு உபசார விருந்தில் துரை அதை ஆசையாகத்தான் வாங்கினார். விரலால் ஒவ்வொரு நூலாகச் சுண்டினார். இடது பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்கே ஒன்று எங்கே?"

"எங்கள் வழக்கத்தில் அந்த எண் ஆகாது, சார்."

"படத்தில் இருந்ததா?"

"இருந்தது, சார். தங்கள் நன்மைக்காகத்தான் விட்டேன்."

"நல்லவேளை, என் விமானத்துக்குக் கம்பி கட்டியவர் நீர் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டு என்று நினைத்து மாணிக்கவாசகமும் பலமாகச் சிரித்தார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அப்பாசாமியின் பெயர் தொங்கியது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி எறிந்தார். "துரைக்குப் பொறாமை. விமானம் அவ்வளவு அழகு!"

"பின்னே? நிஜத்துல பறந்தவரு, கோணல் பொம்மையைப் பார்த்துப் பொறாமைப்படாம என்ன செய்வாரு?" என்றாள் மல்லிகா. "திங்கட்கிழமையிலிருந்து அப்பாசாமி அண்ணனை 'சார்'னு கூப்பிடணும். இப்பவே சொல்லிப் பழகுங்க. நான் கேக்கறேன்."